64 இம்பாலாவ லோரைடரா மாத்தணும், பிரேம் முழுக்க தகடு போர்த்தினா போதுமா?

சான் ஹோசேல இருந்து ஒரு தம்பி நீளமா லெட்டர் எழுதியிருக்காரு, பேர் போடவேண்டாம்னு கேட்டுக்கிட்டாரு. வயசு 38, சாஃப்ட்வேர் வேலை, சொந்த ஊர் நாமக்கல், அப்பா லாரி பாடி கட்டுற பட்டறை வச்சிருந்தவரு, ஸ்கூல் விட்டா நேரா பட்டறைக்குத்தான் போவாராம். போன வருஷம் 1964 செவர்லே இம்பாலா, ரெண்டு கதவு ஹார்ட்டாப், ஓடுற கண்டிஷன்ல வாங்கியிருக்காரு. அதை லோரைடரா, அதாவது தரையோட தாழ்ந்து மெதுவா போற அலங்கார வண்டியா மாத்தணும், வண்டிய ஏத்தி இறக்கற ஹைட்ராலிக்ஸுக்காக டிக்கில 4 பம்பு 8 பேட்டரி வைக்கணும், வண்டி மூணு சக்கரத்துல நிக்கணும், முன்பக்கம் கொஞ்சம் குதிக்கணும்.

பழக்கமான ஒருத்தர் "பிரேம் முழுக்க கால் இஞ்ச் தகடு போர்த்திடு, அப்புறம் எதுவும் ஆகாது"ன்னு சொல்லியிருக்காரு. பாடிய கழட்டாம, வீட்டு கராஜ்லயே, 110 வோல்ட் சின்ன வெல்டிங் மெஷின்ல தானே செஞ்சிடலாம்னு நினைக்கிறாரு. அடியில படுத்து பார்த்தப்ப பின் ஆக்சிலுக்கு மேல பிரேம் வளைஞ்சு போற இடத்துல முடி கணக்கா ஒரு விரிசல் தெரிஞ்சிருக்கு, அதுமேல ஒரு வெல்டு அடிச்சு தகட்ட வச்சு மூடிடலாமான்னு கேக்கறாரு. 2024ல சட்டம் மாறிடுச்சு, இனி எப்படி வேணா மாத்தலாம்னு கேள்விப்பட்டாராம், அது உண்மையா. கடைசி கேள்வி 7 வயசு மகளப் பத்தி, ஞாயித்துக்கிழமை க்ரூஸிங்குக்கு, அதாவது இந்த மாதிரி வண்டிங்க தெருவுல மெதுவா சுத்தி வர்றதுக்கு கூட்டிட்டு போகணும்னு இவருக்கு ஆசை, வீட்டம்மா பயப்படறாங்க.

தம்பி, உங்க லெட்டர ரெண்டு தடவை படிச்சேன். நான் மெக்கானிக்கல் இன்ஜினியர், இருபது வருஷத்துக்கு மேல சேசிஸ் வெல்டிங்கும் அதுல வர்ற விரிசலும்தான் என் வேலை, அதனால இந்த கார் மேல உங்களுக்கு இருக்கற ஆசை எனக்கு நல்லாவே புரியுது. செய்யாதீங்கன்னு சொல்ல வரல. ஆனா நீங்க ஆரம்பிக்கற இடம் தப்பு. என்ன தகடு, எவ்வளவு கனம்னு கேக்கறதுக்கு முன்னாடி, ரோட்டுல இருந்து வர்ற அடி சக்கரத்துல ஏறி எது வழியா போய் எங்க நிக்குதுன்னு பாக்கணும். அத பார்த்துட்டா மத்த கேள்விக்கெல்லாம் பாதி பதில் தானா வந்துடும்.

எண்ணெய் அமுங்காது

நிறைய பேர் ஹைட்ராலிக்ஸ் போட்டா வண்டி அலுங்காம போகும்னு நினைக்கறாங்க, உங்க லெட்டர்லயும் அந்த நினைப்பு லேசா தெரியுது. சிலிண்டர் ஒரு ஜாக்கி மட்டும்தான். எண்ணெய் கிட்டத்தட்ட அமுங்கவே அமுங்காது, அதனால சிலிண்டர் எந்த அடியையும் வாங்கிக்காது. அடி வாங்கறது அதோட சேர்த்து வைக்கிற காயில் ஸ்பிரிங்தான், அதையும் மூணு டன் நாலு டன்னுன்னு கெட்டியா எடுத்து வெட்டி சின்னதாக்கி வைக்கறோம், பெரும்பாலும் ஷாக் அப்சார்பரையும் கழட்டிடறோம். அப்ப கம்பெனி குடுத்த வண்டில ஸ்பிரிங்கும் ஷாக்கும் பங்கு போட்டு வாங்கின அடி இப்ப நேரா ஸ்பிரிங் உக்கார்ற கிண்ணத்துக்கு போகுது, அங்கிருந்து கிராஸ் மெம்பர்ங்கற குறுக்கு கட்டை, அங்கிருந்து பிரேம். குதிக்கற வண்டிக்கு இன்னும் மோசம், ஒன்றரை டன்னுக்கு மேல இருக்கற வண்டி மேல போய் கீழ விழுதே, அதுவும் இதே வழிதான்.

நைட்ரஜன் அடைச்ச அக்குமுலேட்டர் ஒண்ணு லைன்ல வச்சீங்கன்னா கொஞ்சம் குஷன் கிடைக்கும். தினசரி ஓட்டுற வண்டிக்கு அது நல்லது, ஆனா குதிக்கற வேகம் குறைஞ்சிடும், ரெண்டும் சேர்ந்து வராது.

உங்க பிரேம் எப்படிப்பட்டது

64 இம்பாலா பழைய காலத்து இரும்பு, அதனால கெட்டின்னு எழுதியிருக்கீங்க. செவர்லே 1958ல இருந்து 64 வரைக்கும் பெரிய கார்களுக்கு போட்டது எக்ஸ் பிரேம். நடுவுல குறுகலா ஒரு முதுகெலும்பு, முன்னாடி ரெண்டு கை பின்னாடி ரெண்டு கை, அவ்வளவுதான். உக்கார்ற இடத்துக்கு ரெண்டு ஓரத்துலயும் பிரேம் கட்டை கிடையாது. தரைய நல்லா கீழ இறக்கி வண்டிய தாழ்வா காட்டறதுக்குத்தான் அப்படி வச்சாங்க, பொறந்ததுல இருந்தே தாழ்ந்து நிக்கற வண்டிங்கறதாலதான் லோரைடர்காரங்களுக்கு அது மேல இவ்வளவு பிரியம். ஆனா பக்கவாட்டுல இன்னொரு கார் வந்து இடிச்சா உங்களுக்கும் அந்த காருக்கும் நடுவுல இருக்கறது கதவும் கதவுக்கு கீழ இருக்கற பாடி தகடும் மட்டும்தான். 65ல ஓரத்துல கட்டை வர்ற பெரிமீட்டர் பிரேமுக்கு மாறிட்டாங்க. நடுவுல இருக்கற முதுகெலும்ப நீங்க அரை இஞ்ச் தகட்டுல போர்த்தினாலும் இந்த குறை தீராது. போர்த்தின வண்டி ஆக்சிடென்ட்டுக்கும் சேஃப்னு வீட்டுல சொல்லியிருந்தீங்கன்னா, தயவுசெஞ்சு அத திருத்தி சொல்லிடுங்க.

போர்த்தறது எதுக்குன்னா விரிசல் வராம இருக்க, வளையாம இருக்க. அதுலயும் ஒரு விஷயம் இருக்கு, ஒரு இடத்த கெட்டியாக்கினா அந்த அடி காணாம போகாது, அடுத்து எங்க மெலிசா இருக்கோ அங்க போய் உக்காரும். ஒரு தடவை என்கிட்ட ஒரு எக்ஸ் பிரேம் வண்டி வந்துச்சு, எந்த பட்டறைல செஞ்சதுன்னு சொல்ல வேண்டாம், நடுப்பகுதி முழுக்க பளபளன்னு போர்த்தி கிரைண்ட் பண்ணி பெயிண்ட் அடிச்சிருந்தாங்க, பார்க்கவே அவ்வளவு அழகு. ஆனா பின் வளைவுக்கு ஒரு சாண் முன்னாடி தகட்ட நேர்க்கோட்டுல வெட்டி நிறுத்தி குறுக்க ஒரே வெல்டு. அந்த வெல்டு ஓரமாவே கத்தில கீறின மாதிரி பிரேம் பாதி பிளந்திருந்துச்சு. தகடு முடியற இடம் நேரா இருக்கக்கூடாது தம்பி, மீன் வாய் மாதிரி பிளந்தோ நீளமா கூராவோ முடியணும், அப்பதான் கெட்டிப்பு மெல்ல மெல்ல குறையும். உங்க அப்பா பட்டறைலயும் இத பார்த்திருப்பீங்க, லாரி சேசிஸ்ல மேல் கீழ் பிளேஞ்ச்ல குறுக்க வெல்டு வைக்க விடமாட்டாங்க, ஒட்டு பட்டி போட்டாலும் முனைய சாய்வா வெட்டித்தான் போடுவாங்க. அதே பாடம்தான் இங்கயும்.

அந்த விரிசலப் பத்தி

அத மேலோட்டமா அடிச்சு மூடவே கூடாது. மூடினா உள்ள அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும், தெரியறப்ப ரோட்டுல இருப்பீங்க. மொதல்ல பெயிண்ட், துரு எல்லாம் சுத்தமா எடுங்க, விரிசலுக்குள்ள இறங்கற சாயம், அதாவது டை பெனட்ரன்ட் ஸ்ப்ரே வாங்கி அடிங்க, செவப்பு சாயம் உறிஞ்சி வெளிய காட்டுற வரைக்கும் அது எவ்வளவு நீளம்னு கண்ணுக்கு தெரியாது. ரெண்டு முனையிலயும் சின்னதா ஒரு ஓட்டை போட்டு நிறுத்துங்க, விரிசல் நெடுக வி மாதிரி தோண்டி அடி வரைக்கும் வெல்டு நிரப்புங்க, அப்புறம்தான் மேல தகடு. அதுக்கும் முன்னாடி, அந்த இடத்துல துரு உள்ளபக்கமா எவ்வளவு தின்னிருக்குன்னு சுத்தியலால தட்டி பாருங்க. தகடு மெலிஞ்சு போயிருந்தா அந்த துண்டையே வெட்டி எடுத்துட்டு புதுசு வைக்கணும், காகிதம் மேல கெட்டி தகட்ட ஒட்டி பிரயோஜனம் இல்ல.

டயர் கணக்கு

இத யாரும் உங்களுக்கு சொல்லலன்னு நினைக்கறேன், ஏன்னா லெட்டர்ல இதப்பத்தி ஒரு வரி கூட இல்ல, 13 இஞ்ச் வயர் வீல்னு மட்டும் எழுதியிருக்கீங்க. அதுக்கு எல்லாரும் போடறது 155/80 ஆர் 13 டயர், லோடு நம்பர் 79, அதாவது ஒரு டயர் தாங்கறது 437 கிலோ, நாலும் சேர்ந்து 1,748. உங்க கார் வெறும் வண்டியே சுமார் 1,600 கிலோ. டிக்கில வைக்கிற பெரிய பேட்டரி ஒண்ணு 27 கிலோ வாக்குல வரும், 8 வச்சா 200ஐ தாண்டிடுச்சு. கால் இஞ்ச் தகடு ஒரு சதுர மீட்டர் 50 கிலோ, முழுக்க போர்த்த 3 சதுர மீட்டர்னு வச்சாலே 150. பம்பு, ரேக், சிலிண்டர், எண்ணெய் எதையும் இன்னும் சேர்க்கல, ஒரு ஆள் கூட ஏறல, அதுக்குள்ள 1,950 ஆயிடுச்சு. காலி வண்டியே டயரோட கொள்ளளவ தாண்டி நிக்குது! அதுல பேட்டரி பாரம் முழுக்க பின் ஆக்சிலுக்கு பின்னாடி, மூணு சக்கரத்துல நிறுத்தும்போது ஒரே டயர் மேல எவ்வளவு வரும்னு நீங்களே போட்டு பாருங்க.

இப்ப வேற மாதிரி யோசிங்க. 2 பம்பு, 4 பேட்டரி, அது 110 கிலோ. அடி விழற இடத்துல மட்டும், அதாவது முன் ஸ்பிரிங் கிண்ணம், கிராஸ் மெம்பர், எக்ஸ் சேர்ற வயித்துப்பகுதி, பின் வளைவு, இங்க மட்டும் 3/16 இஞ்ச் தகடு, ஒரு சதுர மீட்டருக்கு 37 கிலோதான். பம்பு சாமான்னு ஒரு 50 வச்சுக்கோங்க. நீங்க, வீட்டம்மா, பாப்பா மூணு பேரும் ஏறினா கூட 1,970 பக்கத்துல வரும். 14 இஞ்ச் வீல்ல 175/70 ஆர் 14, லோடு 84 டயர் போட்டா ஒண்ணுக்கு 500 கிலோ, நாலுக்கு 2,000. மயிரிழைல பாஸ் ஆகுது, அவ்வளவுதான், ஆனா பாஸ் ஆகுது. இந்த செட்டப்ல வண்டி தரையோட படுக்கும், எழுந்து நிக்கும், நாலு மூலையும் ஆடும். உயரமா குதிக்காது. குதிச்சே ஆகணும்னா அதுக்குன்னு தனியா ஒரு வண்டி கட்டறாங்க, அத குடும்பத்தோட ஓட்டறதில்ல. இந்த முடிவ நீங்க இப்பவே எடுக்கணும், வெல்டிங் ஆரம்பிச்சப்புறம் மாத்த முடியாது.

சஸ்பென்ஷன்ல மாத்த வேண்டியது

பின்பக்கம் உயரமா தூக்கினா உங்க வண்டில நாலு சிக்கல் ஒண்ணா வரும். ஆக்சில ஒரு பக்கமா பிடிச்சிருக்கற பான்ஹார்ட் பார் வட்டமா சுத்துறதால வண்டி உயர உயர ஆக்சில பக்கவாட்டுல இழுத்துட்டு போகும், சக்கரம் ஃபெண்டர்ல உரசும், அதனாலதான் அத எடுத்துட்டு ஆக்சில நேரா மேல கீழ போக விடற விஷ்போனோ நாலு லிங்க்கோ போடறாங்க. ரெண்டாவது, பினியன் கோணம், அதாவது டிரைவ் ஷாஃப்ட் ஆக்சிலோட சேர்ற கோணம் மாறி யூ ஜாயிண்ட் கிராஸ் சீக்கிரம் உடையும், அதுக்கு அட்ஜஸ்ட் பண்ற மேல் கை வேணும். மூணாவது டிரைவ் ஷாஃப்ட், இந்த வண்டில அது ரெண்டு துண்டு, நடுவுல பேரிங், தூக்கும்போது நீளம் பத்தாம கழண்டு வந்துடும், நீண்டு சுருங்குற ஸ்லிப் ஷாஃப்ட் போட்டாகணும். நாலாவதத்தான் எல்லாரும் மறப்பாங்க, பின்பக்க பிரேக் ஹோஸ். பழைய நீளத்திலேயே விட்டா முழு உயரத்துல அது விறைச்சு நிக்கும், ஒரு நாள் பிச்சுக்கும். உங்க 64ல மாஸ்டர் சிலிண்டர் ஒத்த அறைதான், ஒரு இடத்துல எண்ணெய் போனா நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. ரெண்டு அறை மாஸ்டர் சிலிண்டர் போடறது பெரிய செலவே இல்ல, மத்ததுக்கெல்லாம் முன்னாடி அத பண்ணுங்க.

முன்னாடி சக்கரத்த பிரேமோட சேர்க்கற மேல் கைய, அதாவது மேல் ஏ ஆர்ம ஒரு இஞ்ச் நீட்டுவாங்க, தூக்கி நிறுத்தும்போது சக்கரம் மேல்பக்கம் உள்ள மடங்காம நேரா தெரியறதுக்கு. அழகுதான், ஆனா தாழ்வா ஓட்டும்போது டயர் மேல்பக்கம் வெளிய சாயும், வெளி ஓரம் தேயும். அந்த கை முனைல இருக்கற பால் ஜாயிண்ட் எவ்வளவு கோணம் வரைக்கும் திரும்பும்னு சிலிண்டர் போடறதுக்கு முன்னாடியே கையால தூக்கி பாருங்க, அது முட்டுற இடத்துக்கு முன்னாடியே சிலிண்டர் நின்னுடணும். டிஸ்க் பிரேக் மாத்தறதா இருந்தா 13 இஞ்ச் வீலுக்குள்ள அடங்கறதுக்காக கேலிப்பர கிரைண்ட் பண்றவங்க உண்டு, அத மட்டும் செய்யவே செய்யாதீங்க.

கராஜ்ல நீங்களே செய்யலாமா

கழட்டறது, சுத்தம் பண்றது, அளக்கறது, அட்டைல டெம்ப்ளேட் வெட்டறது, பம்பு மாட்டறது, வயரிங், இதெல்லாம் நீங்க தாராளமா செய்யலாம், செய்யணும். பிரேம்ல கடைசி வெல்டு மட்டும் வேண்டாம். 110 வோல்ட் மெஷின் கெட்டி தகட்டுல மேலாக்க ஒட்டும், உள்ள இறங்காது, வெளிய பார்க்க நல்ல வெல்டு மாதிரியே இருக்கும், அதுதான் ஆபத்து. இன்னொண்ணு சூடு. ஒரே பக்கமா நீளமா இழுத்தீங்கன்னா பிரேம் வாழைப்பழமா வளைஞ்சிடும், அப்புறம் கதவு மூடாது. பாடிய தூக்கிட்டு பிரேம அசையாம பிடிக்கற ஜிக்ல கட்டி வச்சு, அங்கங்க சின்ன பொட்டு வெல்டு வச்சு, இந்தப்பக்கம் ரெண்டு இஞ்ச் அந்தப்பக்கம் ரெண்டு இஞ்ச்னு மாத்தி மாத்தி ஆறவிட்டு ஓட்டணும். சான் ஹோசேல இத செய்யற கைகாரங்க இருக்காங்க. செலவு ஆயிரக்கணக்குல டாலர் ஆகும், தெரியும். இந்த ஒரு வருஷம் சும்மா இறக்கின ஸ்பிரிங்ல ஓட்டிக்கிட்டே காசு சேர்த்துட்டு அப்புறம் செஞ்சாலும் தப்பில்ல.

நீங்க செய்யற பங்குல உயிர் போற இடம் நாலு இருக்கு. சிலிண்டர் தூக்கி நிக்கற வண்டிக்கு அடியில ஸ்டாண்ட் முட்டு குடுக்காம ஒரு நிமிஷம் கூட போகாதீங்க, ஒரு ஹோஸ் விட்டா வண்டி அப்படியே இறங்கிடும். லீக் இருக்கான்னு கை வச்சு தடவாதீங்க, அந்த அழுத்தத்துல எண்ணெய் ஊசி மாதிரி தோலுக்குள்ள ஏறும், சின்ன புள்ளி மாதிரிதான் தெரியும், வலி கூட இருக்காது, ஆனா அன்னிக்கே எமர்ஜென்சிக்கு போகலன்னா விரலையே எடுக்க வேண்டி வரும். டிக்கிய திறந்து வச்சு சார்ஜ் போடுங்க, பேட்டரில இருந்து ஹைட்ரஜன் வரும். பம்புக்கு கரண்ட் விடற ஸ்விட்சான சோலனாய்டு ஒட்டிக்கிச்சுன்னா பம்பு நிக்காம ஓடி வயர் பத்திக்கும், அதனால கிரவுண்ட் வயர ஒரே இழுப்புல பிடுங்கற மாதிரி டிஸ்கனெக்ட் கைக்கு எட்டற இடத்துல இருக்கணும், தீயணைக்கற சிலிண்டரும் வண்டில இருக்கணும்.

சட்டம்

நீங்க கேள்விப்பட்டதுல பாதி சரி. வீல் ரிம்முக்கு கீழ வண்டியோட எந்த பாகமும் இறங்கக்கூடாதுன்னு கலிபோர்னியால 1958ல இருந்து சட்டம் இருந்துச்சு, தாழ்த்தின வண்டிங்கள பிடிக்க போலீஸ் அதத்தான் காட்டுவாங்க. அதுக்கு பதிலாத்தான் 1959ல ரான் அகிர்ரேங்கறவரு தன் கார்வெட் கார்ல ஏரோபிளேன் உதிரி பம்ப மாட்டி, வேணும்னா இறக்கி, போலீஸ் வந்தா ஏத்தற மாதிரி செஞ்சாரு, ஹைட்ராலிக்ஸ் வந்த கதையே அதுதான். ஏபி 436ங்கற சட்டம் 2024 ஜனவரி 1ல இருந்து அந்த உயரத் தடையையும் ஊர் ஊருக்கு போட்டிருந்த க்ரூஸிங் தடையையும் எடுத்துடுச்சு. சான் ஹோசே அதுக்கு முன்னாடியே 2022ல தன் க்ரூஸிங் தடைய எடுத்துடுச்சு. எடுத்தது அந்த ரெண்டு மட்டும்தான். பிரேம் தரைல இருந்து 23 இஞ்சுக்கு மேல போகக்கூடாதுன்னு தனி சட்டம் அப்படியே இருக்கு, பிரேக், லைட், டயர் விதிகளும் ஆபத்தா ஓட்டறதுக்கான கேஸும் அப்படியேதான் இருக்கு. அடையாள நம்பர் எங்க அடிச்சிருந்தாலும் அத தேய்க்கறதோ மறைக்கறதோ குற்றம், வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. ஸ்மாக் டெஸ்ட், அதாவது புகை சோதனை பத்தி கவலை வேண்டாம், 1975 வரைக்கும் உள்ள வண்டிக்கு விலக்கு இருக்கு. இன்சூரன்ஸ்காரங்ககிட்ட ஹைட்ராலிக்ஸ்னு எழுத்துல சொல்லிடுங்க, மறைச்சா பின்னாடி க்ளெய்ம் வராம போயிடலாம்.

இப்ப யோசிச்சு பாருங்க, போலீஸுக்காக வந்த ஹைட்ராலிக்ஸ் இன்னிக்கு போலீஸுக்காக தேவையில்ல. தாழ்வா, மெதுவா போறதுதான் உங்க ஆசைன்னா ஏர் பேக், அதாவது ஸ்பிரிங்குக்கு பதிலா காத்து அடைக்கற ரப்பர் பை போதும், எடையும் கம்மி, அடியும் கம்மி. ஸ்விட்ச் அடிச்சு வண்டிய ஆட்டுறதுதான் ஆசைன்னா ஹைட்ராலிக்ஸ்தான், ஏர் பேக்ல அந்த துடிப்பு வராது. ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லணும்.

மகளைக் கூட்டிட்டு போறது

வீட்டம்மா பயப்படறதுல நியாயம் இருக்கு, அவங்ககிட்ட இதுல வாதாடாதீங்க. 8 வயசுக்கு கீழ உள்ள குழந்தை பின் சீட்ல, வயசுக்கு ஏத்த சீட்ல உக்காரணும்னுதான் இங்க சட்டம். உங்க வண்டி பின் சீட்ல கம்பெனி தோள்பட்டை பெல்ட் குடுக்கவே இல்ல, இடுப்பு பெல்ட் மட்டும் வச்சு பூஸ்டர் சீட் போடக்கூடாது. மூணு பாயிண்ட் பெல்ட் பின்னாடி ரெண்டு பக்கமும் போட்டு, அந்த போல்ட் பிடிக்கற இடத்துல பாடி தகட்டுக்கு பின்னாடி கெட்டி பிளேட் குடுக்க சொல்லுங்க. பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவுல தகடு வச்சு முழுசா அடைங்க, பேட்டரி ஆசிட், எண்ணெய், தீ எதுவும் அந்தப்பக்கம் வரக்கூடாது. ஹைவே வேண்டாம். பாப்பா உள்ள இருக்கும்போது ஸ்விட்ச தொடாதீங்க.

அது எல்லாம் ஆகறதுக்கு எப்படியும் ஒரு வருஷத்துக்கு மேல ஆகும், அதுவரைக்கும் அவள காக்க வைக்கணும்னு இல்ல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உங்க வீட்டு காரிலேயே மூணு பேரும் கிழக்கு சான் ஹோசேல ஸ்டோரி ரோடும் கிங் ரோடும் சேர்ற பக்கம் போங்க. லோரைடர்னு ஒரு பத்திரிகையே 1977ல சான் ஹோசேல இருந்துதான் வந்துச்சு, அந்த தெரு சிக்கானோ, அதாவது மெக்சிகன் அமெரிக்க குடும்பங்க அப்பன் பிள்ளை பேரன்னு ஓட்டிட்டு வர்ற தெரு. நாம அங்க விருந்தாளி. பெரியவங்க யாராவது 64 வச்சிருந்தா நின்னு பேசுங்க, வண்டிய தொடறதுக்கு முன்னாடி கேளுங்க, பின் வளைவ எப்படி கெட்டிப்படுத்தினாங்கன்னு கேளுங்க, சந்தோஷமா அடியில படுத்து காட்டுவாங்க. லோரைடர் கிளப் பேர் போட்ட பிளேக்ங்கற தகட்ட மட்டும் எங்கயும் வாங்கி மாட்டிக்காதீங்க, அது அவங்களா குடுக்கறது.

அதுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு விஷயம் அனுப்புங்க. டை ஸ்ப்ரே அடிச்சப்புறம் அந்த விரிசலோட போட்டோ, பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு. அப்புறம் பிரேமோட ரெண்டு மூலைவிட்டமும் டேப் வச்சு அளந்து, முன் இடதுல இருந்து பின் வலது, முன் வலதுல இருந்து பின் இடது. ரெண்டு நம்பருக்கும் வித்தியாசம் அதிகமா இருந்தா அந்த பிரேம் ஏற்கனவே ஒரு அடி வாங்கியிருக்குன்னு அர்த்தம், அப்ப தகடு வாங்கறத நிறுத்திட்டு வேற பிரேம் தேடறதப் பத்தி பேசுவோம்.